பயப்படுகிற நாளில்: கேள்வி பதில்

பயமும் விசுவாசமும் பற்றி வந்த கேள்விகளுக்கு என்னைப் பதில் சொல்லச் சொன்னார்கள். நான் வேதாகமப் பண்டிதன் இல்லை. பத்தொன்பது வருடம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சாப்ளினாக, வார்டு வார்டாகப் போய் ஜெபம்பண்ணுகிற போதகராக இருந்தேன். அடுத்தவர் பயத்தின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்த பழக்கம் மட்டும் உண்டு.

கேள்வி: ஐயா, மார்பில் கட்டி. பயாப்ஸி ரிசல்ட் வெள்ளிக்கிழமை வரும். "நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்" என்ற வசனத்தைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு உடம்பெல்லாம் நடுங்குகிறது. எனக்கு விசுவாசம் இல்லையா?

இருக்கிறது அம்மா. இல்லாவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்கு அந்த வசனம் உங்கள் வாயில் எப்படி வரும்?

வேதாகமத்தின் பாட்டுப் புத்தகமான சங்கீதத்தில் 56-ஐ எடுத்து, முதலில் தலைப்பைப் படியுங்கள். பெலிஸ்தர் தாவீதைக் காத்தூரில் பிடித்தபோது பாடியது என்று இருக்கும். காத்தூர் யாருடைய ஊர்? ராட்சதன் கோலியாத்துடைய ஊர். தாவீது அங்கே போவதற்குச் சற்று முன்புதான் ஆசாரியனிடமிருந்து கோலியாத்தின் பட்டயத்தையே, அவன் வாளையே, வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஆளை அடையாளம் கண்டுகொண்டார்கள். அப்புறம் அவர் செய்ததை 1 சாமுவேல் 21 ஒளிக்காமல் சொல்கிறது: பைத்தியக்காரன் போல நடித்து, கதவுகளில் கீறி, தாடியில் எச்சில் வழிய விட்டார். ராட்சதனைக் கொன்ற அதே ஆள்தான்! அவருடைய பாட்டில்தான் "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்று வருகிறது. பயம் தீர்ந்த பிறகு நம்புவேன் என்று அவர் தள்ளிப்போடவில்லை. அடுத்த வசனத்தில் "நான் பயப்படேன்" என்கிறார், சரி. ஆனால் எட்டாம் வசனத்தில் மறுபடி அழுகை: "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்." துருத்தி என்றால் தோல் பை. ஒரே பாட்டுக்குள் இப்படி ஏறி இறங்குகிறவரைத்தான் தேவனுடைய இருதயத்துக்கு ஏற்றவன் என்று வேதம் சொல்கிறது.

சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசு "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும்" தொடங்கினார் என்று மாற்கு எழுதுகிறார். நடுங்குவது பாவமென்றால் இதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கேள்வி: வேதத்தில் "பயப்படாதே" 365 தடவை இருக்கிறதாமே, நாளுக்கு ஒன்று?

இல்லை தம்பி. வாட்ஸ்அப்பில் எனக்கும் வருடா வருடம் ஜனவரி முதல் தேதி வருகிறது. அதே சொல்லை எண்ணினால் அதன் பக்கத்தில்கூட வராது. உண்மையில் இருக்கிறதே போதுமே, கணக்கை ஏன் ஏற்றிச் சொல்ல வேண்டும்?

கேள்வி: கொரோனா இரண்டாம் அலையில் வீட்டு வாசலில் 91-ஆம் சங்கீதத்தை ஒட்டிவைத்தோம். "வாதை உன் கூடாரத்தை அணுகாது." தினமும் குடும்பமாக வாசித்தோம். அப்பா போய்விட்டார். இப்போது அந்தச் சங்கீதத்தைத் திறக்கவே பயமாக இருக்கிறது. தேவன் பொய் சொன்னாரா, நாங்கள் சரியாக நம்பவில்லையா?

இந்தக் கேள்வியை மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். 2021 மே மாதத்தில் நானும் இதே கேள்வியோடுதான் வார்டில் நடந்தேன். கையுறை போட்ட கையால் தலையைத் தொட்டு ஜெபித்தவர்களில் பிழைத்தவர்களும் உண்டு, பிழைக்காதவர்களும் உண்டு. பிழைத்தவர்கள் அதிகம் நம்பினார்கள் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

சுவிசேஷங்களில் 91-ஆம் சங்கீதத்தை ஒருவன் மேற்கோள் காட்டுகிறான், யார் தெரியுமா? பிசாசு. தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, தூதர்கள் உம்மைக் கைகளில் ஏந்திக்கொண்டு போவார்களே, தாழக் குதியும் என்கிறான். சங்கீதத்தைக் காப்பீட்டுப் பத்திரம் போல நீட்டுகிறான். இயேசு குதிக்கவில்லை.

ஜெர்மனியில் விட்டன்பெர்க் ஊரில் 1527-இல் கொள்ளைநோய் வந்தது. பல்கலைக்கழகத்தையே யேனா நகருக்கு மாற்றிவிட்டார்கள். புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரையும் போகச் சொன்னார்கள். அவர் நோயாளிகளோடு தங்கிவிட்டார். ஆனால் அப்போது அவர் எழுதிய கடிதத்தைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். வீட்டுக்குப் புகை போடு, மருந்து சாப்பிடு, தேவையில்லாத இடத்துக்கும் ஆளிடமும் போகாதே, அயலானுக்கு உதவி தேவையென்றால் மட்டும் ஓடாதே என்கிறார். மருந்தையும் எச்சரிக்கையையும் அலட்சியம் செய்வது விசுவாசமல்ல, தேவனைப் பரீட்சை பார்ப்பது என்பது அவர் கட்சி. அந்த டிசம்பரில் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது, அடுத்த ஆகஸ்டில் இறந்துபோனது. அவர் மனம் எவ்வளவு உடைந்தது என்பது நண்பருக்கு எழுதிய கடிதத்தில் தெரிகிறது.

அந்தச் சங்கீதத்தின் 15-ஆம் வசனத்தை மட்டும், முடிகிறபோது, வாசித்துப் பாருங்கள்: "ஆபத்தில் நானே அவனோடிருந்து." ஆபத்தே வராது என்றால் இந்த வரிக்கு அங்கே வேலையே இல்லை. அப்பா ஏன் போனார் என்பதற்கு இதுவும் பதில் ஆகாது, தெரியும். என்னிடம் அதற்குப் பதில் இல்லை. வாசிக்க முடியவில்லையா, 88-ஆம் சங்கீதத்துக்குப் போங்கள். அது இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. கடைசியில் ஒரு ஸ்தோத்திரம்கூடக் கிடையாது. அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: படபடப்புக்கு மனநல டாக்டரிடம் மாத்திரை சாப்பிடுகிறேன். ஜெபக்குழுவில் "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல்" என்ற வசனத்தைக் காட்டி, மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள்.

டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதே மகளே. அந்த வசனத்தை அவர்கள் முழுதாகப் படிக்கட்டும்: "பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவி." தெளிந்த புத்திக்கு மாத்திரை உதவினால் அதில் என்ன குறை? அந்த வசனம் பவுல் தன் இளைய ஊழியர் தீமோத்தேயுவுக்கு எழுதியது. அதே தீமோத்தேயுவுக்குத்தான் அவர், உன் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று கைவைத்தியம் எழுதினார். பவுலோடு பயணம் செய்த லூக்கா வைத்தியர்.

எலியா தீர்க்கதரிசியைப் பார். சூரைச்செடியின் கீழ் படுத்து, சாக வேண்டும் என்கிறார். தூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் தூங்கினார். தூதன் மறுபடியும் சாப்பாடு வைத்தான். கர்த்தர் பேசியது அதற்கெல்லாம் பிறகுதான். உனக்கும் எலியாவைப் போல "போதும்" என்று தோன்றுகிற ராத்திரி வந்தால் 14416-க்குப் போன் போடு. அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம்.

கேள்வி: நாங்கள் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை, கத்தோலிக்கர். ஒக்கி புயலுக்குப் பிறகு, வீட்டுக்காரர் தங்குகடலுக்கு, பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போனால் காற்றுச் சத்தம் கேட்டாலே எனக்குத் தூக்கம் இல்லை. மாமியார் செபமாலை சொல்லச் சொல்கிறார். சொல்கிறேன், வாய்தான் சொல்கிறது, மனசு கடலில் இருக்கிறது. பிரயோஜனம் உண்டா?

உண்டு. நான் புராட்டஸ்டன்ட்காரன், செபமாலை எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் மனசு ஓடிப்போகிற நேரத்தில் விரலும் வாயுமாவது ஒரு இடத்தில் நிற்பது சின்ன விஷயம் இல்லை. கிழக்குத் திருச்சபைத் துறவிகளும் "ஆண்டவராகிய இயேசுவே, என்மேல் இரக்கமாயிரும்" என்று மூச்சோடு மூச்சாகத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்.

2017 நவம்பர் கடைசியில் அந்தப் புயல் வந்தபோது பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். உங்கள் பயம் கற்பனை இல்லை. கடலைத் தெரிந்தவர்களின் பயம் அது. மாற்கு 4-இல் படகில் அலறியவர்களும் கடலைத் தெரிந்த மீனவர்கள்தான். "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று அவர்கள் கேட்டது கிட்டத்தட்டச் சண்டை. படகில் தூங்கிக்கொண்டிருந்த இயேசு அந்தச் சண்டைக்குத்தான் எழுந்தார். நீங்களும் அப்படியே கேட்கலாம், மரியாதையான வார்த்தை தேட வேண்டாம். கூடவே, லைஃப் ஜாக்கெட்டும் வயர்லெஸும் சரியாக இருக்கிறதா என்று கிளம்புமுன் வீட்டுக்காரரிடம் சண்டை போடுங்கள். அதுவும் செபம்தான்.

கேள்வி: உங்களுக்குப் பயம் வருமா பாஸ்டர்?

லிஃப்டில் ஏற மாட்டேன். நாலு மாடி ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடம் படியேறியே முழங்கால் போய்விட்டது.

பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய இங்கிலாந்துக்காரர் ஜான் வெஸ்லி 1736 ஜனவரியில் அமெரிக்காவுக்குக் கப்பலில் போனபோது புயலில் பாய் கிழிந்தது. ஆங்கிலேயர்கள் கத்த, கூடப் பயணம் செய்த ஜெர்மானியரான மொரேவிய சபையார் மட்டும் சங்கீதம் பாடுவதை நிறுத்தவில்லை. குருப்பட்டம் பெற்றிருந்த வெஸ்லிக்கே சாவு பயம் பிடித்தது. அந்த அமைதி தன்னிடம் இல்லை என்று தெரிந்துகொண்டார். லண்டனில் ஒரு கூட்டத்தில் அவர் இருதயம் அனலானது 1738 மே மாதத்தில். நடுவில் இரண்டு வருடத்துக்கு மேல் தேடல்தான்.

கேள்வி: நான் நாத்திகன். இதெல்லாம் மனசைத் தேற்றிக்கொள்ளும் உத்திதானே?

தேற்றிக்கொள்வது கெட்ட காரியமா, சார்? ஆனால் தேறினவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள். 1956 ஜனவரி 27, அமெரிக்காவின் மான்ட்கோமரி. பேருந்துகளில் கறுப்பினத்தவரைப் பிரித்து நடத்துவதை எதிர்த்துப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. மிரட்டல் போன் வந்த பிறகு, அதை நடத்திய போதகர் மார்ட்டின் லூதர் கிங் தூக்கம் வராமல், நடுராத்திரி சமையலறையில் காபி வைத்துக்கொண்டு, என்னால் முடியவில்லை என்று ஜெபித்தார். நீதிக்காக நில் என்று உள்ளே ஒரு குரல் கேட்டதாகச் சொன்னார். மூன்று நாள் கழித்து அவர் வீட்டில் குண்டு விழுந்தது. உள்ளே இருந்த மனைவியும் கைக்குழந்தையும் தப்பினார்கள். திரண்டு நின்ற கோபக்காரக் கூட்டத்தை ஆயுதங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். அதன்பின் போராட்டத்தை அவர் விடவில்லை. உத்தி என்றால் இதைவிடச் சுலபமான உத்திகள் இருக்கின்றன.

கேள்வி: ஐயா, பயாப்ஸி கேட்டவள்தான். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு ராத்திரி இருக்கிறது. என்ன செய்யட்டும்?

தனியாகப் படுக்க வேண்டாம். அக்காவோ தங்கையோ இருந்தால் வரச் சொல்லுங்கள். போனை அடுத்த அறையில் வையுங்கள், கட்டியைப் பற்றி இனி எதையும் தேட வேண்டாம். விழிப்பு வந்தால் 23-ஆம் சங்கீதத்தை மெதுவாக, மூச்சு விடும்போது ஒரு வரியாகச் சொல்லுங்கள். முதலில் "அவர் என்னைப் புல்லுள்ள இடங்களில் மேய்த்து" என்று யாரிடமோ அவரைப் பற்றிச் சொல்வது போலவே போகும். மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் பேச்சு அவரிடமே திரும்பிவிடும்: "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்." அந்த வரியில் நின்றுகொள்ளுங்கள், அதற்குமேல் போக வேண்டாம். வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். நானும் அந்த நேரத்தில் முழங்காலில் இருப்பேன், வலித்தாலும்.