இரண்டாவது செட் வரை இருங்கள்

அன்புள்ள ஐயா,

அலுவலக வேலையாகக் கோவையிலிருந்து மூன்று வாரத்துக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்திருக்கிறேன். ஜாஸ் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுப் போன வெள்ளிக்கிழமை ஒரு ஜாஸ் கிளப்புக்குத் தனியாகப் போனேன். ஒன்றும் பிடிபடவில்லை. பாட்டு முடியும் முன்பே கைதட்டுகிறார்கள். எனக்குக் கர்நாடகக் கச்சேரி கேட்டுத்தான் பழக்கம். இடைவேளையில் எழுந்து வந்துவிட்டேன். இது நமக்கு ஒத்துவராத இசை என்கிறார் அறை நண்பர். அப்படித்தானா?

ச.

அன்புள்ள ச.,

தனியாகப் போனதில் மகிழ்ச்சி. இடைவேளையில் எழுந்து வந்ததுதான் வருத்தம். இடைவேளைக்கு முந்தைய பகுதியான முதல் செட்டில் வாசிப்பவர்கள் அந்த இடத்துக்கும் ஒருவருக்கொருவரும் பழகிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் இரண்டாவது செட்டில்தான் கை சூடுபிடிக்கும்.

அங்கே போய் ராகத்தைத் தேடாதீர்கள். நம் கச்சேரியில் தம்புராவின் சுருதி அசையாமல் நிற்கும். ஜாஸில் அடித்தளமே நகரும். பழைய பாட்டுகளில் பலவும் 32 பார் (தாளக் கட்டம்) கொண்ட ஒரு சுற்று: எட்டு, திரும்ப அதே எட்டு, வேறொரு எட்டு, மறுபடி முதல் எட்டு. யார் சோலோ (தனி வாசிப்பு) வாசித்தாலும் அடியில் அந்தச் சுற்று ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் பிடிக்க டபுள் பேஸை, நின்றபடி வாசிக்கும் அந்தப் பெரிய தந்தி வாத்தியத்தை, கவனியுங்கள். நான் முதலில் கவனித்த பேஸ்காரர் இரண்டு விரல் நுனிகளில் பிளாஸ்டர் சுற்றியிருந்தார். அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், பத்து நிமிடத்தில் சுற்று எங்கே திரும்புகிறது என்று உடம்புக்கே தெரிந்துவிட்டது.

கைதட்டல் ஒருவருடைய சோலோ முடிந்ததற்கு. தனி ஆவர்த்தனம் முடிந்ததும் நாம் தட்டுவதில்லையா? அவர்களுக்குள் சைகையும் உண்டு. சாக்ஸபோன்காரர் தன் தலையைத் தட்டினால் பல்லவிக்குத் திரும்புவது போல முதல் மெட்டுக்குத் திரும்பப்போகிறார்கள். நான்கு விரல் காட்டினால் டிரம்ஸும் மற்றவர்களும் நான்கு நான்கு பாராக மாறி மாறி வாசிப்பார்கள். தனி ஆவர்த்தனத்தில் தாளக்காரர்கள் மாறி மாறி வாசிக்கும் கொறைப்பு கேட்டு வளர்ந்த உங்களுக்கு அந்த இடம் இனிக்கும்.

நண்பர் சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. 1950களில் இதே ஊரின் விக்டோரியா தெருவில் ஜாஸ் ரசிகர்கள் கூடிய இடம் குட்வில் லவுஞ்ச். நடத்தியவர் பம்பி நாயுடு, இந்திய வம்சாவளிக்காரர். 1950இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டம் மனிதர்களை இனவாரியாகத் தெருத்தெருவாகப் பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. அப்போதே நம்மவர்கள் உட்கார்ந்து கேட்ட இசை இது.

இந்த நாட்டு ஜாஸின் வேர்களில் ஒன்று மராபி. ஜோகன்னஸ்பர்க் சேரிகளில் காலால் மிதிக்கும் ஆர்கனில் மூன்றே கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டங்களை) சுழற்றிச் சுழற்றி இரவெல்லாம் வாசித்தது. இந்த நாட்டுப் பியானோ கலைஞர் அப்துல்லா இப்ராஹிம் 1974இல் பதிவுசெய்த 'மானென்பெர்க்' பாட்டைக் கேட்டுவிட்டுப் போங்கள். 13 நிமிடத்துக்கும் மேல் ஓடும். பஜனையில் உட்கார்ந்து பழகியவருக்கு அந்தச் சுழற்சி அந்நியமாகவே இருக்காது.

கிளப்புக்கு முன் ஒரு நல்ல தொடக்கம் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஜாஸ் மையம். அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேரியஸ் புரூபெக் 1983இல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்து தொடங்கியதுதான் ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களிலேயே முதல் ஜாஸ் பட்டப்படிப்பு. புதன்கிழமை மாலைகளில் அங்கே கச்சேரி வைப்பார்கள், இந்த வாரம் உண்டா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். பேஸ்காரர் தனியாக வாசிக்கும்போது பேசாதீர்கள், அந்த ஒலி மெல்லியது. இரவில் நடந்து திரும்ப வேண்டாம், டாக்சியை வாசலுக்கே வரவழையுங்கள்.

நானும் வருகிறேன். மேடைக்கு இடப்பக்கம், பியானோக்காரரின் கைகள் தெரிகிற வரிசையில் உங்களுக்கும் ஒரு நாற்காலி பிடித்து வைக்கிறேன்.