பேரக்குழந்தையின் தொப்புள்கொடி தாத்தாவின் மூட்டுக்கு ஆகுமா?

கேள்வி: மகளுக்கு எட்டாம் மாதம். பேறுகாலத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். தொப்புள்கொடியைப் பத்திரப்படுத்தினால் பிள்ளைக்கு மட்டுமல்ல, ரப்பர் வெட்டி மூட்டுத் தேய்ந்துபோன என் கணவருக்கும் உதவும் என்கிறார், கொடியைச் சேமித்து வைக்கும் நிறுவனத்தின் முகவர் ஒருவர். பணம் கட்டலாமா? – வாசகி, தக்கலை

பதில்: கட்டாதீர்கள் அம்மா.

கொடிக்குள் ஓடும் ரத்தம் வேறு, கொடியின் சதை வேறு. ரத்தத்தில் இருப்பவை ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள், அதாவது வேறு செல்களாக மாறக்கூடிய மூலச் செல்கள். 1988-இல் பாரிசில், ஃபான்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை ரத்தநோய் வந்த ஒரு சிறுவனுக்கு அவன் தங்கையின் கொடி ரத்தத்தைச் செலுத்திக் காப்பாற்றினார்கள். ரத்தப் புற்றுநோய், பரம்பரை ரத்தக் கோளாறான தலசீமியா போன்றவற்றுக்கு இன்று அது ஏற்கப்பட்ட சிகிச்சை.

மூட்டுக்கு உதவும் என்று முகவர் விற்பது சதையை. கொடியைக் குறுக்கே வெட்டினால் மூன்று ரத்தக்குழாய்கள் தெரியும். அவற்றைச் சுற்றி இளநுங்கு மாதிரி வழவழப்பான கூழ். அதிலுள்ள மீசன்கைமல் ஸ்டெம் செல்கள் ஆய்வகத்தில் குருத்தெலும்பாக (மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான பகுதி) மாறுவது உண்மைதான். ஆனால் உடம்பில் செலுத்தினால் பெரும்பாலும் அங்கேயே தங்கி வளர்வதில்லை. அழற்சியைத் தணிக்கும் பொருள்களைச் சுரந்துவிட்டு மறைந்துவிடும். அதனால் மூட்டு வலி குறையுமா என்று ஆய்வுகள் நடக்கின்றன. தேய்ந்த குருத்தெலும்பு மறுபடி முளைக்கும் என்று சொல்லிப் பணம் வாங்குவது அநியாயம்.

இன்னொன்று, இந்தச் செல்களுக்கு ரத்த செல்களைப் போல நெருங்கிய பொருத்தம் பார்க்க வேண்டியதில்லை. நாளைக்கே மருந்தாக வந்தாலும், யாரோ தானம் தந்த கொடியிலிருந்து செய்ததே போதும். உங்கள் வீட்டுக் கொடிதான் வேண்டும் என்றில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) 2017 வழிகாட்டுதலும் கொடி ரத்தத்தைச் சேமிக்க மட்டுமே இடம் தருகிறது, கொடித் திசுவுக்கு இல்லை.

சரி, ரத்தத்தையாவது சேமிக்கலாமா? பிள்ளைக்கே தலசீமியா வந்தால் அதன் சொந்தக் கொடி ரத்தத்திலும் அதே கோளாறு இருக்கும், அதனால் உதவாது. மகளின் மூத்த பிள்ளைக்கு ஏற்கெனவே இப்படி ஒரு நோய் இருந்தால் மட்டும், அந்தப் பாரிஸ் சிறுவனைப் போல அதற்கு உதவலாம்; இப்போதே டாக்டரிடம் சொல்லுங்கள்.

இல்லையென்றால் அந்த ரத்தம் பிள்ளைக்கே போகட்டும். பிறந்ததும் கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிடமாவது பொறுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். முதல் சில மாதங்களுக்கு வேண்டிய இரும்புச்சத்து அதில் கூடுதலாகக் கிடைக்கும். பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

கணவரை ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியைக் கற்றுத் தருவார்கள். எடை கூடியிருந்தால் குறைக்க வேண்டும். மூட்டு வலிக்கு இவை இரண்டும் நிரூபணமானவை, செலவும் அதிகமில்லை.