அரண்மனை போன்ற செட்டிநாட்டு வீடு, காலி மனை விலைக்குக் கூடப் போகாதது ஏன்?

கேள்வி கேட்டவருக்குக் காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நூறு வருட வீடு ஒன்றைத் தரகர் காட்டியிருக்கிறார். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் தரை. சொல்லும் விலையோ அதே அளவு காலி மனையைவிடச் சற்றுக் குறைவு. இதில் ஏமாற்று ஏதாவது இருக்கிறதா என்கிறார்.

இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. நான் வங்கிகளுக்குச் சொத்து மதிப்பீடு எழுதித் தரும் சிவில் இன்ஜினியர். இந்த வகை வீடுகள் மூன்றை அளந்திருக்கிறேன். மூன்றிலும் என் வழக்கமான கணக்கு தலைகீழாகத்தான் வந்தது.

மனைக்கு ஒரு விலை, கட்டடத்துக்கு ஒரு விலை, அதில் வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழிப்போம். இடித்தால் கிடைக்கும் சாமானுக்கு என்று பத்து சதவீதம் போல விட்டுவைப்போம். நூறு வருட வீட்டில் தேய்மானம் கட்டடத்தை முழுக்கத் தின்றுவிடும். மிஞ்சுவது அந்தச் சாமான் மட்டும். சாதாரண வீட்டில் அது துருப்பிடித்த கம்பியும் உடைந்த செங்கல்லும். இங்கே தூண், நிலை, கதவு, உத்தரம், இத்தாலிய மார்பிள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒரு நடை போய் வாருங்கள், யார் யார் வீட்டு நிலைக்கதவோ அங்கே சுவரில் சாய்ந்து நிற்கும். வீடு நின்றால் ஒரு விலை, பிரித்தால் வேறு விலை. பல சமயம் பிரித்த விலைதான் பெரிது.

சரி, நிற்கும் வீட்டுக்கு ஏன் விலை இல்லை? முதலில் கையெழுத்து. கட்டியவர் பர்மாவிலோ மலாயாவிலோ சம்பாதித்து, மகன்களுக்கு வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதியில், ஆளுக்கோர் அறை கொடுத்திருப்பார், வீடு பொது. இன்று பங்காளிகள் சென்னை, சிங்கப்பூர், அமெரிக்கா என்று இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1989லும் நாடு முழுக்க 2005லும் வந்த வாரிசுரிமைத் திருத்தங்களுக்குப் பிறகு பெண் மக்களின் பங்கையும் விட்டுவிட முடியாது. நான் பார்த்த ஒரு வீட்டுக்கு 31 கையெழுத்து தேவைப்பட்டது, 29 வாங்கிவிட்டார்கள். மீதி இருவரில் ஒரு பெரியவர், "படைப்பு நடக்கிற வீட்டை விக்கிறதாவது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். குற்றம் சொல்ல மாட்டேன், முன்னோருக்குப் படைக்கும் வீட்டுக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.

ஒரு பங்கை மட்டும் வாங்கி உள்ளே நுழையலாமா என்று சிலர் கேட்பதுண்டு. சொத்து மாற்றுச் சட்டம் 44ஆம் பிரிவுப்படி, பிரிபடாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் பங்கு வாங்கிய வெளியாளுக்குக் கூட்டாகக் குடியேறும் உரிமை கிடையாது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், 1893ஆம் வருடப் பாகப்பிரிவினைச் சட்டப்படி குடும்பத்தில் ஒருவர் அந்தப் பங்கைத் தானே வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். அதனால் பத்தில் ஒரு பங்கை விற்றால் வீட்டு விலையில் பத்தில் ஒன்று கைக்கு வராது. போதாததற்கு, கட்டடத்தின் மீதி ஆயுள் கடன் தவணைக் காலத்தைத் தாண்ட வேண்டும் என்று வங்கி பார்க்கும். நூறு வருட வீட்டுக்கு அப்படி எழுதித் தர என் கை நடுங்கும். ஆக, ரொக்கம் வைத்திருப்பவர் மட்டுமே வாங்க முடியும்.

அடுத்தது ஓடு. குரங்கு ஓடினாலே போதும், நாட்டு ஓடு நகர்ந்துவிடும். சில வருடத்துக்கு ஒருமுறை பிரித்து மாற்ற வேண்டும், அந்த வேலை தெரிந்த ஆள் குறைந்துகொண்டே வருகிறார்கள். மாற்றாவிட்டால் தண்ணீர் உத்தரத்தில் இறங்கும், பிறகு கறையான். சுவர் வெடிப்பில் அரசஞ்செடி முளைத்தால் வேரோடு எடுப்பதற்குள் சுவரில் பாதி வந்துவிடும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவரில் செலவு குறைகிறதே என்று சிமெண்ட் பூசுவார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று, இரண்டொரு மழைக்குள் பழைய பூச்சையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும். யாரும் வசிக்காத வீட்டுக்குத்தான் இந்தச் செலவெல்லாம். வருடாவருடம் போகும் பணத்தை வாங்குபவர் விலையில்தான் கழிப்பார்.

பாரம்பரியச் சட்டம்? செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியலால் மட்டும் உங்கள் வீட்டுக்குத் தடை எதுவும் வராது. கெடுபிடி உள்ள இடங்கள் வேறு. மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் நினைவுச் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். சென்னை அண்ணா சாலையில் 1897இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை எல்ஐசி 2006இல் இடிக்கத் தொடங்கி நீதிமன்றம் தடுத்தது. இடிக்கவும் முடியாமல் யாரும் செப்பனிடாமலும் பல வருடம் பாழாகக் கிடந்தது. நியூயார்க்கில் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு மேல் கோபுரம் கட்டக் கூடாதென்று 1978இல் தீர்ப்பு வந்தபோது, கட்டாமல் விட்ட உயரத்துக்கான உரிமையை அக்கம்பக்க மனைகளுக்கு மாற்றிக்கொள்ள வழி இருந்தது. அப்படி ஈடு இல்லாத ஊரில் தடையின் சுமை முழுக்க உரிமையாளர் தலையில்தான்.

ஆனால் புதுச்சேரி பிரெஞ்சுப் பகுதியைப் பாருங்கள். எதிர்வீட்டுக்காரரும் உயர்த்திக் கட்ட முடியாது என்பதால்தான் அந்தத் தெருவுக்கே விலை. செட்டிநாட்டில் பக்கத்து வீட்டைப் பிரித்து லாரியில் ஏற்றினால் உங்கள் தெருவின் மதிப்பும் சேர்ந்து ஏறிப் போகிறது. ஹோட்டலாக மாற்றிய வீடுகள் வருமானத்தால் நிற்கின்றன, உண்மைதான். ஆனால் எல்லா ஊருக்கும் விருந்தாளி வரமாட்டார்.

நீங்கள் வாங்குவதென்றால் விலையைப் பேசுமுன் வாரிசுச் சான்றிதழ்களைக் கேளுங்கள். அப்புறம் ஐப்பசி மழை விட்ட மறுநாள் தரகரிடம் சொல்லாமல் போய், வீட்டின் இரண்டாம் கட்டுக்குள், அதாவது உள்ளே அடுத்த முற்றப் பகுதியில், நின்று கூரை ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். தரகர் வெயில் நாளில்தான் கூப்பிடுவார்.