அஜீரணம்: கேள்வி பதில்

கே: நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிரம்பிவிடுகிறது. எண்டோஸ்கோப்பியில் ஒன்றுமில்லையாம். எல்லாம் என் கற்பனையா?

ப: கற்பனை இல்லை. அஜீரணம் என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு எண்டோஸ்கோப்பி சுத்தமாகத்தான் இருக்கும். உணவு இறங்கியதும் இரைப்பையின் மேல்பகுதி தளர்ந்து இடம் கொடுக்க வேண்டும். சிலருக்கு அது சரியாகத் தளராது. சிலருக்கு உணவு குடலுக்குப் போகத் தாமதமாகும். இன்னும் சிலருக்கு இரைப்பை சாதாரணமாக விரிந்தாலே நரம்பு அதை வலியாக எடுத்துக்கொள்ளும். எண்டோஸ்கோப்பி கேமராவில் புண் தெரியும், கட்டி தெரியும்; இதெல்லாம் தெரியாது. கொழுப்பைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிட்டுப் பாருங்கள். அப்புறம், வலி மாத்திரை ஏதாவது போடுகிறீர்களா? அதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

கே: நெஞ்செரிச்சலும் இதுவும் ஒன்றா?

ப: இல்லை. அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறினால் நெஞ்செரிச்சல். அஜீரணத்தின் இடம் மேல்வயிறு. சேர்ந்தும் வரும்.

கே: என்ன மாத்திரை போடலாம்?

ப: காரணம் தெரியாமல் மாத்திரை சொல்ல மாட்டேன்.

கே: அல்சர் டென்ஷனால்தானே வருகிறது?

ப: பல காலம் அப்படித்தான் நம்பினார்கள். 1982-ல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரு மருத்துவர்கள் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். அல்சருக்கு இதுதான் காரணம் என்றார்கள்; பலர் ஏற்கவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார்! 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

கே: கிருமி இருக்கிற எல்லாருக்கும் புண் வருவதில்லையே? அப்போது டென்ஷன்தானே?

ப: நல்ல மடக்கு. பெரும்பாலோருக்கு வருவதில்லை என்பது உண்மைதான். கிருமியின் ரகம், புகைப்பழக்கம், வலி மாத்திரை (மறுபடியும் அதேதான்) எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும். டென்ஷன் வலியைக் கூட்டிக் காட்டும், மறுக்கவில்லை. ஆனால் கிருமியால் வந்த புண்ணில் கிருமியை விட்டுவிட்டு மனதை மட்டும் அமைதியாக்கினால் புண் திரும்பி வர வாய்ப்பு அதிகம்.

கே: எந்த மாத்திரை நல்லது?

ப: மேலே பாருங்கள்.

கே: மலம் தார் மாதிரி கருப்பாகப் போகிறது. அஜீரணமா?

ப: உள்ளே ரத்தம் கசியலாம். இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். காரணமில்லாத எடைக் குறைவு, விழுங்கச் சிரமம், ஓயாத வாந்தி இருப்பவர்களும் தள்ளிப்போடக் கூடாது.

கே: மாடி ஏறினால் மேல்வயிறு அடைக்கிறது, உட்கார்ந்தால் விடுகிறது.

ப: இது இதயமாக இருக்கலாம். உடனே டாக்டரைப் பாருங்கள். உட்கார்ந்தும் விடாமல், வியர்வையோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் ஆம்புலன்ஸ்தான்.

கே: வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாதல்லவா?

ப: ஆகும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை ரத்தத்தில் கலந்து, இரைப்பைச் சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்களையே குறைத்துவிடுகின்றன. ஊசியாகப் போட்டாலும் இதே கதைதான்.