துடைக்காமல் கொடுங்கள்

மழை பிடித்துவிட்டால் மும்பை மாட்டுங்காவில் குடை ரிப்பேர்காரருக்கு அடுத்தபடியாக, பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் சீர்செய்து தரும் எனக்குத்தான் வேலை அதிகம். பீரோவைத் திறப்பார்கள், ஆல்பத்தில் பூஞ்சை பூத்திருக்கும், உடனே தாத்தா ஞாபகம் வந்துவிடும். இந்த மாதம் வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

அம்மா அப்பா கல்யாணப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "இது ஆகாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே அண்ணா? (செம்பூர்)

கோபம் வேண்டாம். படத்தைச் சொல்லவில்லை, வந்து சேர்ந்த ஃபைலைச் சொன்னேன். மொத்தமே 140 கேபி. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது அளவைச் சுருக்கி அழுத்தித்தான் அனுப்பும். அம்மாவின் புடவையில் சரிகை இருந்த இடத்தில் கட்டம் கட்டமாக ஏதோ குழைந்து கிடக்கிறது, அதை வைத்து நான் என்ன செய்ய? அதே ஃபைலை 'டாக்குமெண்ட்' வழியாக அனுப்புங்கள், இல்லையென்றால் டிரைவில் போட்டு லிங்க் கொடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து மட்டும் அனுப்பாதீர்கள்.

அப்பாவுக்கு இருப்பது ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம், அதுவும் பழைய அடையாள அட்டையில் ஒட்டியது. மேலே பாதி சீல் வேறு. வருஷத் திதிக்குள் பெரிதாக்கி மாட்ட வேண்டும். முடியுமா? (தாராவி)

முடியும், அட்டையிலிருந்து பிய்க்காமல் இருந்தால். அட்டையோடு அப்படியே ஸ்கேனரில் வையுங்கள். இனி கொஞ்சம் கணக்கு. பாஸ்போர்ட் சைஸ் என்பது 35 x 45 மி.மீ. கடைக்காரர் வழக்கம்போல 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் கிடைப்பது சுமார் 413 x 531 பிக்சல், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போட்டாலே பல்லிளிக்கும். 1200 டிபிஐ என்று சொல்லிக் கேளுங்கள், 1654 x 2126 வரும். சுவரில் மாட்டி நாலடி தள்ளி நின்று பார்க்கிற 8 x 10 அங்குலப் படத்துக்கு அது போதும். 4800 வரை போகலாமே என்று சிலர் கேட்கிறார்கள். போனால் அப்பா முகத்தில் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை, காகிதத்தின் நார்தான் தெரியும்.

கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று 'கிரே' அமைப்பில் மட்டும் எடுத்துவிடாதீர்கள். கலரில் எடுங்கள். சட்டைக் காலரில் விழுந்திருக்கும் ஊதா சீல், படத்தின் மஞ்சள் கறை எல்லாவற்றுக்கும் ஒரு நிறம் இருக்கிறது. கலர் ஃபைலில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்கு, அவைதான் சேனல். மஞ்சள் கறை நீலச் சேனலில் கறுப்பாகத் தெரியும், சிவப்புச் சேனலில் கிட்டத்தட்ட காணாமலே போய்விடும். அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் கறையை உரிக்கிறோம். கிரேயில் எடுத்த ஃபைலில் கறையும் கன்னமும் ஒரே சாம்பல், பிரிக்க வழியில்லை.

ஃபிரேமில் இருந்த படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. ஹேர் டிரையர் வைத்துப் பார்க்கலாமா? (டோம்பிவிலி)

ஐயோ, வேண்டாம். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். நம் ஊர் ஜூலை ஈரத்தில் அது ஊறி, பசை மாதிரி கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும், காகிதம்தான் உங்கள் கையில் மிஞ்சும். கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்யலாம், ஆனால் பிரிண்டரோடு சேர்ந்து வருகிற மெல்லிய ஸ்கேனர்களில் பெரும்பாலும் சிஐஎஸ் சென்சார். ஸ்கேனரின் கண்ணாடியை ஒட்டியிருப்பதுதான் அதற்குத் தெளிவாகத் தெரியும், இரண்டு மில்லிமீட்டர் தள்ளினாலே மங்கல். சற்றுத் தள்ளியிருப்பதையும் தெளிவாகப் பிடிக்கும் சிசிடி சென்சார் உள்ள கனமான பழைய ஸ்கேனர் யாரிடமாவது இருக்கிறதா பாருங்கள். இல்லையா, கேமராவில் எடுங்கள்: ஃபிளாஷ் கூடாது, இரண்டு பக்கமும் 45 டிகிரி சாய்வில் ஒரே மாதிரி விளக்கு, உங்கள் பிம்பம் கண்ணாடியில் விழாமல் இருக்க கேமராவுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணி.

தருவதற்கு முன் நாங்களே கொஞ்சம் சுத்தம் செய்து தந்தால் செலவு குறையுமா? (முலுண்ட்)

குறையாது, அதிகமாகத்தான் ஆகும். போன வருஷம் ஒரு குடும்பம் பாட்டியின் படத்தை ஸ்கேன் செய்து கொடுத்தார்கள், பளிச்சென்று ஒரு தூசி இல்லை. பாட்டி மூக்கிலும் எதுவும் இல்லை. எட்டுக்கல் பேசரி போட்டிருந்தவர் என்று மகள் அடித்துச் சொல்கிறார். மூலப் படத்தை வாங்கி லூப் என்கிற பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்: முகமே சுண்டுவிரல் நகம் அளவு, அதில் கடுகில் பாதி அளவுக்கு வெள்ளைப் புள்ளிகள். ஸ்கேனரின் 'டஸ்ட் ரிமூவல்' அதைத் தூசி என்று எண்ணித் துடைத்துவிட்டது. ஆகவே டஸ்ட் ரிமூவல், கலர் ரெஸ்டோர், ஷார்ப்பன் மூன்றையும் அணைத்துவிட்டு எடுங்கள். கலர் நெகட்டிவ் ஸ்கேனர்களில் அகச்சிவப்பு ஒளியால் தூசி நீக்கும் வசதி நல்லது, ஆனால் பழைய கறுப்பு வெள்ளை நெகட்டிவில் அதைப் போடாதீர்கள், ஃபிலிமில் உள்ள வெள்ளி அந்த ஒளியை மறைத்துவிடும், படத்தையே தூசி என்று நினைத்துக்கொள்ளும்.

ஈரத்துணி, கொலோன், செல்லோடேப், லாமினேஷன் எதுவும் வேண்டாம். ஊதும் பல்பு அல்லது மெத்தென்ற காய்ந்த பிரஷ், அவ்வளவுதான். ஸ்கேனர் கண்ணாடியைத் தாராளமாகத் துடையுங்கள், திரவத்தைத் துணியில் விட்டு. ஃபைல் டிஃப் (TIFF, தரம் குறையாமல் சேமிக்கும் வகை) ஆக இருக்கட்டும், முடிந்தால் சேனலுக்கு 16 பிட், நிற அளவுகள் நுணுக்கமாகப் பதியும். ஜேபெக்தான் என்றால் முதலில் சேமித்ததையே தாருங்கள். திறந்து திருத்திச் சேமிக்கச் சேமிக்க அது தேயும்.

ரிசப்ஷன் படங்கள் போனில் எடுத்தவை, சில இருட்டு, சிலவற்றில் மாப்பிள்ளை சட்டை வெள்ளையாக எரிந்திருக்கிறது. (சயான்)

இருட்டிலிருந்து ஓரளவு தோண்டி எடுக்கலாம். எரிந்த வெள்ளையில் தோண்ட எதுவுமில்லை, மடிப்பை நானே வரைய வேண்டியதுதான். ரா ஃபைல் (கேமரா பிடித்ததைப் பதப்படுத்தாமல் சேமித்தது) இருந்தால் பிழைத்தோம். ஃபில்டர் போட்டதும் கிராப் செய்ததும் வேண்டாம், அதற்கு முந்தையது.

ஏஐ ஆப்பில் போட்டேன், தாத்தா முகம் சூப்பராக வந்திருக்கிறது. அதையே பிரிண்ட் போடலாமா? (தாராவி)

போடலாம், அது தாத்தாதானா என்று வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு. எனக்கு மூலப் படமும், அதே வயதில் அவரை எடுத்த வேறு படம் ஒன்றும் போதும்.

எதைத் திருத்த வேண்டும் என்று எப்படிச் சொல்வது? (செம்பூர்)

ஜெராக்ஸ் ஒன்று எடுத்து அதன்மேல் வட்டம் போடுங்கள். மூலப் படத்தின்மேல் பால்பாயிண்ட் பேனாவால் வட்டம் போட்டு "இந்த மாமா வேண்டாம்" என்று எழுதிக் கொண்டுவந்தவர் உண்டு. மாமாவை எடுப்பதைவிட அந்த மையை எடுக்கத்தான் எனக்கு நேரமாயிற்று. அப்புறம், படத்தின் முதுகையும் மறக்காமல் ஸ்கேன் செய்யுங்கள். கலர் போடச் சொல்லி வந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் புடவை அரக்கா பச்சையா என்று அக்கா தங்கைக்குள் இரண்டு நாள் வாக்குவாதம். பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது: "மாம்பழக் கலர், தீபாவளிக்கு எடுத்தது."