மாமாவின் ஹோமியோ பெட்டியும் மகனின் இன்ஹேலரும்

கேள்வி: என் மாமனார் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பல வருடமாக வீட்டில் ஒரு மரப்பெட்டி நிறைய ஹோமியோ மருந்து வைத்துக்கொண்டு தெருவுக்கே வைத்தியம் பார்க்கிறார். காசு வாங்குவதில்லை. "நல்ல கைராசி" என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் எட்டு வயது மகனுக்கு வீசிங் உண்டு. டாக்டர் தினமும் இரண்டு வேளை இன்ஹேலர் எழுதியிருக்கிறார். "அதில் ஸ்டீராய்டு இருக்கிறது, நிறுத்திவிடு, நான் வேரோடு எடுத்துவிடுகிறேன்" என்கிறார் மாமா. கணவர் அப்பா பக்கம். நான் வேதியியல் படித்தவள், 30 பொட்டன்சி என்றால் என்னவென்று தெரியும். ஆனால் மூட்டுவலியோடு வந்து, நன்றாக நடந்து போகிறவர்களையும் எங்கள் திண்ணையிலேயே பார்க்கிறேன். ஆராய்ச்சி உண்மையில் என்ன சொல்கிறது? மாமாவிடம் எப்படிப் பேசுவது?
– பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம், இதில் மட்டும் தள்ளிப்போட இடமில்லை. இழுப்பு இல்லாத நாளிலும் மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கியே இருக்கும். தினசரி இன்ஹேலர் அந்த வீக்கத்தைக் குறைக்கத்தான். அதில் ஸ்டீராய்டு இருப்பது உண்மை, ஆனால் அளவு மைக்ரோகிராமில், நேரே மூச்சுக்குழாய்க்கே போவதால் உடம்பின் மற்ற இடங்களுக்குச் சேர்வது குறைவு. மில்லிகிராம் கணக்கில் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரையைப் பற்றி மாமா கேள்விப்பட்டதை எல்லாம் இதன் தலையில் வைக்க வேண்டாம். ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் பிளாஸ்டிக் குழாய்) வைத்துக் கொடுத்து, பிறகு வாய் கொப்பளிக்க வையுங்கள். பையனின் உயரத்தை ஒவ்வொரு முறையும் டாக்டர் குறித்துக்கொள்ளட்டும். சில மாதம் தொந்தரவே இல்லாமல் போனால் அளவைக் குறைப்பதும் அவர் வேலைதான்.

மாமா சொல்வதை நேராகவே சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. ஆஸ்துமா உள்ள 96 குழந்தைகளை வைத்து இங்கிலாந்தில் நடந்தது, 2003-இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை அப்படியே தொடர்ந்தது. அதோடு கூட, அனுபவமுள்ள ஹோமியோ மருத்துவர்கள் ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியாக விசாரித்து மருந்து எழுதினார்கள். பாதிப் பேருக்கு அந்த மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் உருண்டை. யாருக்கு எது என்பது மருத்துவருக்கும் தெரியாது, குழந்தைக்கும் தெரியாது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. "ஹோமியோவை ஆளுக்கு ஆள் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், அதனால் அதை ஆராய்ச்சி பண்ண முடியாது" என்று மாமா சொல்லக்கூடும். இதில் ஆளுக்கு ஆள் பார்த்துத்தான் கொடுத்தார்கள்.

30 பொட்டன்சி, அதாவது 30 சி, எப்படித் தயாராகிறது என்று மற்ற வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மதர் டிங்க்சர் (மூலப்பொருளை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த சாறு) ஒரு பங்கு, ஆல்கஹாலோ தண்ணீரோ 99 பங்கு சேர்த்துக் குலுக்கினால் 1 சி. அதிலிருந்து ஒரு பங்கு எடுத்து மறுபடி 99 பங்கு சேர்த்தால் 2 சி. இப்படி முப்பது தடவை. 12 சி தாண்டும்போதே, ஒரு பொருளில் எத்தனை மூலக்கூறு என்று கணக்கிட உதவும் அவகாட்ரோ எண்ணின்படி, மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. ஹோமியோவைத் தொடங்கிய ஜெர்மன் டாக்டர் ஹானிமன் இந்த முறையை வகுத்த காலத்தில் அந்தக் கணக்கு யார் கையிலும் இல்லை என்பதால் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் காலத்து மற்ற டாக்டர்கள் ரத்தக்குழாயைக் கீறி ரத்தம் இறக்கினார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள், பாதரசம் கொடுத்தார்கள். அவர்களிடம் போகாமல் ஹோமியோகாரரிடம் போன நோயாளி பிழைத்ததில் ஆச்சரியம் இல்லை, உடம்பை அதன் போக்கில் விட்டதே பெரிய வைத்தியம். ஹோமியோவின் நல்ல பெயர் அங்கேதான் தொடங்கியது.

சோதித்துப் பார்ப்பதும் அப்போதே தொடங்கிவிட்டது. 1835-இல் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில், சோற்று உப்பை 30 தடவை நீர்த்தால் உடம்பில் ஏதாவது செய்யுமா என்று ஒரு சண்டை. ஊர்க்காரர்களைக் கூட்டி வைத்து, குப்பிகளில் எண் போட்டார்கள். பாதியில் உப்பு மருந்து, பாதியில் பனியை உருக்கி வடித்த வெறும் தண்ணீர். எதில் எது என்ற பட்டியலை மூடி முத்திரை வைத்தார்கள். திரும்பி வந்து சொன்ன 50 பேரில் 42 பேர் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். ஏதோ செய்தது என்று சொன்ன எட்டுப் பேரில் ஐந்து பேர் குடித்தது மருந்து, மூன்று பேர் குடித்தது தண்ணீர். இன்றைக்குப் பெரிய மருந்துக் கம்பெனி செய்யும் சோதனையின் அஸ்திவாரம் அத்தனையும் அதில் இருந்தது.

ஹோமியோ ஆதரவாளர்கள் 1997-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரையைக் காட்டுவார்கள். 89 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், வெறும் உருண்டையைவிட ஹோமியோ மேல் என்று தெரிந்தது உண்மைதான். ஆனால் அதே ஆய்வாளர்கள் 1999-இல் மறுபடி பார்த்தபோது, கவனமாகச் செய்த சோதனைகளில் அந்தப் பலன் சுருங்குவதைக் கண்டார்கள். 2005-இல் அதே லான்செட்டில் 110 ஹோமியோ சோதனைகளை 110 அலோபதி சோதனைகளோடு வைத்து எடை போட்டார்கள். பெரிய, ஒழுங்கான சோதனைகளை மட்டும் எடுத்தபோது அலோபதியின் பலன் நின்றது, ஹோமியோவில் போலி மருந்தின் பலனுக்கு மேல் ஒன்றும் தேறவில்லை. 2015-இல் ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 176 ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, ஹோமியோ பலன் தருகிறது என்று நம்பிச் சொல்லும்படி ஒரு நோய்கூட இல்லை என்றது. பிரான்சில் ஹோமியோவுக்கு நம் ஊரைப் போலவே செல்வாக்கு. அங்கும் 2021 முதல் அரசுக் காப்பீடு அதற்குப் பணம் தருவதில்லை.

"தண்ணீருக்கு ஞாபகம் உண்டு, கரைத்த பொருள் போன பிறகும் அதன் குணம் நிற்கும் என்று ஒரு விஞ்ஞானி நிரூபித்தாரே" என்பார் மாமா. பிரான்சின் பென்வெனிஸ்த், 1988, நேச்சர் அறிவியல் இதழ். கட்டுரை வந்த சில நாளிலேயே நேச்சர் ஆசிரியர் ஒரு குழுவோடு அவருடைய ஆய்வகத்துக்குப் போனார். எந்தக் குழாயில் என்ன என்பது சோதிப்பவருக்குத் தெரியாதபடி குறியீடு போட்டதும் அந்த ஞாபகம் காணாமல் போயிற்று.

சரி, திண்ணையில் இருந்து நடந்து போகிறவர்கள் பொய்யா? இல்லை. மூட்டுவலி ஏறி இறங்கும் சமாசாரம். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மாமாவைத் தேடி வருகிறார்கள். அங்கிருந்து அது இறங்கத்தான் செய்யும், மருந்து சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். சளி, சாதாரண வயிற்றுப்போக்கு, குழந்தைகளின் மரு எல்லாம் தானாகவே போகிற ரகம். அதற்கு மேலும் ஒன்று உண்டு. முடக்குவாத நோயாளிகள் 83 பேரை வைத்து இங்கிலாந்தில் ஒரு ஆய்வு செய்தார்கள். ஹோமியோ மருத்துவரோடு உட்கார்ந்து பேசும் நேரத்தையும் மருந்தையும் பிரித்துப் பார்ப்பதுதான் நோக்கம். பேசியவர்களுக்குக் குணம் தெரிந்தது. உருண்டைக்குள் மருந்து இருந்ததா இல்லையா என்பதால் ஒரு மாற்றமும் இல்லை.

உங்கள் மாமா அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார். தூக்கம் எப்படி, கனவு வருமா, குளிர் பிடிக்குமா வெயில் பிடிக்குமா, யாரோடாவது மனஸ்தாபமா என்றெல்லாம் கேட்கிறார். அரசு ஆஸ்பத்திரி ஓபியில் நிற்கிறவருக்கு இது எங்கே கிடைக்கும்? கைராசி என்று தெரு சொல்வது இதைத்தான். இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை.

மக்கள் மனதில் ஹோமியோ பதிந்திருக்கும் விதமும் விசித்திரம். பலர் அதை மூலிகை வைத்தியம் என்று நினைக்கிறார்கள். கந்தகம், ஆர்செனிக், பாம்பு விஷம் எல்லாம் அந்தப் பெட்டியில் உண்டு, நீர்த்துப்போனதால் பயமில்லை, அவ்வளவுதான். நம் ஊர்ச் சரக்கு என்று நினைப்பவர்களும் உண்டு, அரசுத் துறையின் பெயரே இந்திய மருத்துவம் மற்றும் ஹோமியோபதித் துறைதான். திருமங்கலத்தில் அரசுக் கல்லூரி இருக்கிறது. 2020-இல் கொரோனா வந்தபோது ஆர்செனிகம் ஆல்பம் 30-ஐத் தடுப்பு மருந்தாக ஆயுஷ் அமைச்சகமே பரிந்துரைத்தது. இதையெல்லாம் பார்க்கிறவர், சோதித்துத்தானே கொடுக்கிறார்கள் என்று நம்புவதில் தப்பில்லை. தப்பு நம்பினவர் பக்கம் இல்லை என்பது என் கருத்து.

அப்புறம், இந்த வைத்தியத்தில் தோல்வி என்பதே கணக்கில் ஏறாது. குறைந்தால் மருந்து கேட்டது. அதிகமானால் "முதலில் கிளப்பிவிட்டுத்தான் அடங்கும்". ஒன்றுமே ஆகாவிட்டால் "காபி குடித்து மருந்தை முறித்துவிட்டாயா?" திரும்பி வராதவர் குணமாகிவிட்டார் என்றே எழுதப்படும். அவர் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜில் படுத்திருக்கலாம்.

மாமாவிடம் அவகாட்ரோவை எடுக்காதீர்கள். மருமகள் வேதியியல் பாடம் எடுத்தால் பெட்டி இன்னும் இறுகித்தான் மூடும். கல்கத்தாவின் மகேந்திரலால் சர்க்கார் எம்.டி. படித்து, ஹோமியோவைத் திட்டித் தீர்த்துவிட்டு, 1867-இல் ஹோமியோவுக்கே மாறியவர். பின்னாளில் சி. வி. ராமன் ஆராய்ச்சி செய்த நிறுவனத்தை 1876-இல் தொடங்கியவரும் அவர்தான். அறிவுள்ளவர்களும் தன் கண்ணால் கண்டதை நம்புவார்கள். ஆகவே உங்கள் மாமாவை ஏமாற்றுக்காரராகவோ ஏமாளியாகவோ நடத்த வேண்டாம்.

அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே. "மாமா, உங்கள் உருண்டையையும் கொடுங்கள், இன்ஹேலரும் ஓடட்டும். டாக்டர் குறைக்கச் சொன்னால் குறைப்போம்." இதில் அவருக்குத் தோல்வி இல்லை. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரையும் அழைத்துப் போய், ஸ்டீராய்டு சந்தேகத்தை மாமா வாயாலேயே கேட்க வையுங்கள். திண்ணைக்கு வருகிறவர்களில் சர்க்கரை, பிரஷர், வலிப்பு, காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர் யாரிடமும் "அதை நிறுத்து" என்று சொல்வதில்லை என்று அவரே ஒரு விதி வைத்துக்கொண்டால் நல்லது. நெஞ்சுவலியும் கைக்குழந்தைக் காய்ச்சலும் வந்தால் பெட்டியைத் திறக்காமலே ஆஸ்பத்திரிக்கு அனுப்பட்டும். மதர் டிங்க்சர் பாட்டில்கள் உருண்டைகளைப் போல் இல்லை. அதில் சரக்கும் உண்டு, ஆல்கஹாலும் உண்டு, பையன் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். நீர்த்ததாகச் சொல்லி விற்பதிலும் அளவு தப்பலாம். அமெரிக்காவில் பல் முளைக்கும் குழந்தைகளுக்கான சில ஹோமியோ மாத்திரைகளில் பெல்லடோனா என்ற நச்சுச் செடியின் சரக்கு அளவுக்கு மீறி இருந்ததை 2017-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உறுதி செய்தது.

இதையெல்லாம் முதலில் கணவரிடம், பையன் தூங்கிய பிறகு, அப்பாவைப் பற்றி ஒரு சொல் குறைவாகப் பேசாமல் சொல்லுங்கள். மாமாவிடம் அவர் பேசட்டும்.