மந்திரச் சுவர்கள்: கேள்வி பதில்

கோலாலம்பூர், பினாங்கு நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் சுவர் மந்திரங்களைப் பற்றியவை. ஆகவே இந்த முறை அவை மட்டும். பதில்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதாபாத்திரங்களாக விளையாடும் விளையாட்டின் 5ஆம் பதிப்பு, 2014 விதிகளை வைத்து. வேறு பதிப்பு என்றால் அங்கேயே சொல்லிவிடுகிறேன்.

செந்தூல்: அக்கா, வால் ஆஃப் ஃபோர்ஸ் (மந்திர விசையால் ஆன சுவர்) கண்ணுக்கே தெரியாது. அந்தப் பக்கம் நிற்கும் ஓகர் என்ற அரக்கனை என் விஸார்ட் (மந்திரவாதி) நன்றாகப் பார்க்கிறான். பிறகு ஏன் அதன் மேல் ஸ்பெல் (மந்திரம்) போட டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) விடமாட்டேன் என்கிறார்?

டிஎம் சொன்னது சரி, தம்பி. பார்வை வேறு, பாதை வேறு. ஒன்றைக் குறிவைக்க உங்களுக்கும் அதற்கும் நடுவே தடையில்லாத வழி வேண்டும். இந்தச் சுவர் தெரியாவிட்டாலும் முழு மறைப்புதான், அதாவது பின்னால் இருப்பதைக் குறிவைக்க முடியாது.

எந்தச் சுவர் வந்தாலும் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டுப் பழகுங்கள். உடம்பைத் தடுக்கிறதா? பார்வையைத் தடுக்கிறதா? மந்திரம் போகும் பாதையைத் தடுக்கிறதா? வால் ஆஃப் ஃபோர்ஸ் உடம்பையும் பாதையையும் தடுக்கும், பார்வையை விட்டுவிடும். வால் ஆஃப் ஃபயர் (நெருப்புச் சுவர்) பார்வையை மறைக்கும், ஆனால் சூட்டைத் தாங்குபவன் நடந்தே வந்துவிடலாம். மேசையில் நடக்கும் வாக்குவாதங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருபவைதான்.

செந்தூல், மறுபடியும்: அப்படியென்றால் மிஸ்டி ஸ்டெப் (நொடியில் இடம் மாறும் ஸ்பெல்) போட்டும் அந்தப் பக்கம் போக முடியாதா?

போகலாம். மிஸ்டி ஸ்டெப் குறிவைப்பது உங்களைத்தான். நீங்கள் பார்க்கும் காலி இடம் 30 அடிக்குள் இருந்தால் போதும், நடுவில் இருக்கும் தூரத்தை நீங்கள் கடந்து போவதில்லை. ஈதரியல் என்ற இணை உலகத்தின் வழியாகச் சுற்றிப் போவதுதான் நடக்காது; இந்தச் சுவர் அங்கேயும் நீள்கிறது என்று விதியே சொல்கிறது.

ஜெலுத்தோங்: எதிரி அங்கே சுவர் எழுப்பியது தெரியாமல் ஃபயர்பால் போட்டால்?

ஃபயர்பால் விரலிலிருந்து ஓர் ஒளிக்கீற்றாகக் கிளம்புகிறது. நான் டிஎம் என்றால் அது சுவரில் மோதி இந்தப் பக்கமே வெடிக்கும். வெடிப்பு 20 அடி சுற்றளவு அல்ல, 20 அடி ஆரம். பக்கத்தில் நிற்கும் நண்பர்களும் மாட்டுவார்கள். சுவர் இருப்பது கதாபாத்திரத்துக்குத் தெரியுமென்றால், ஸ்பெல்லை அறிவிக்கும்போதே டிஎம் நினைவூட்டிவிட வேண்டும். விளையாடுபவர் மறந்ததற்காக அவருடைய விஸார்டைத் தண்டிப்பது நியாயமில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ்: சுவரை எதிரி நிற்கும் இடத்திலேயே எழுப்பி அவனை இரண்டாக வெட்ட முடியுமா?

முடியாது. அவன் ஏதோ ஒரு பக்கம் தள்ளப்படுவான். எந்தப் பக்கம் என்று வால் ஆஃப் ஃபோர்ஸில் நீங்களே முடிவு செய்யலாம், அதுவே பெரிய லாபம்: ஐந்து எதிரிகளில் மூவரை அந்தப் பக்கம் ஒதுக்கிவிட்டால் சண்டை பாதியாகிவிடும். அண்ணனின் பழைய 3.5ஆம் பதிப்புப் புத்தகத்தை வைத்து விளையாடுபவர்கள் கவனிக்கவும்: அதில் வால் ஆஃப் ஃபோர்ஸை ஓர் ஆளோ பொருளோ குறுக்கிட்டால் ஸ்பெல்லே தோற்றுவிடும்.

கெப்போங்: அளவு எனக்குப் பிடிபடவே மாட்டேன் என்கிறது. வால் ஆஃப் ஃபயர் 60 அடி என்றால் எவ்வளவு?

20க்கு 70 அடி வரிசை வீடுகள் இருக்கும் தாமானை (குடியிருப்புப் பகுதியை) நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று வீட்டு வாசலை அடைத்து, 20 அடி உயரத்துக்கு நெருப்பு. தடிப்பு ஓர் அடிதான். வால் ஆஃப் ஃபோர்ஸின் 10க்கு 10 அடிப் பலகைகள் பத்தையும் ஒரே வரிசையில் வைத்தால் 100 அடி, அதாவது ஐந்து வீடு. ஆனால் உயரம் 10 அடிதான், பறப்பவை மேலே வந்துவிடும்.

வால் ஆஃப் ஃபயரில் பலர் தவறவிடும் விஷயம்: ஒரு பக்கம் மட்டும்தான் சுடும், அதை நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள். அந்தப் பக்கம் 10 அடிக்குள் தன் டர்னை (ஆடும் முறையை) முடிப்பவருக்கு 5டி8 டேமேஜ், அதாவது எட்டு முக டைஸ் ஐந்தை உருட்டி வரும் கூட்டுத்தொகை. சுவருக்குள்ளேயே நுழைந்தால், ஒரு டர்னில் முதல் முறை நுழையும்போது அதே 5டி8. விதி சொல்வது ‘ஒரு டர்னில்’. ‘ஒரு ரவுண்டில்’ (எல்லோரும் ஒரு முறை ஆடி முடிக்கும் சுற்றில்) அல்ல. ஆகவே உங்கள் டர்னில் தண்டர்வேவ் போட்டு ஒருவனை நெருப்புக்குள் தள்ளினால் ஒரு முறை. அவன் தன் டர்னை அங்கேயே முடித்தால் இன்னொரு முறை. குழுவாகச் சேர்ந்து விளையாடுபவர்களுக்கு இந்த ஸ்பெல் கொடுக்கும் மகிழ்ச்சியே தனி.

பட்டர்வொர்த்: எங்கள் கப்பலின் மேல்தளத்தில் வால் ஆஃப் ஸ்டோன் (கல் சுவர்) போட்டேன். டிஎம் மறுத்துவிட்டார்.

மரத்தளத்தில் நிற்காது. அது ஏற்கனவே இருக்கும் கல்லோடு இணைந்து, அதன் மேல் உறுதியாகத் தாங்கி நிற்க வேண்டும். 3.5இல் கான்ஜுரேஷன் (வரவழைக்கும் மந்திரங்கள்) வகைக்கே ஒரு பொது விதி உண்டு: வரவழைக்கும் பொருள் வெட்டவெளியில் மிதக்கும்படி தோன்ற முடியாது, தாங்கும் தரை வேண்டும். எதிரியின் தலைக்கு மேல் சுவரை வரவழைத்து விழவைக்கும் யோசனையைத் தடுக்கத்தான் அது.

கரையில் இருந்தால் இந்த ஸ்பெல்லை விடாதீர்கள். 10 நிமிடம் முழுவதும் கான்சன்ட்ரேஷன் (ஸ்பெல்லை நிலைநிறுத்தும் மன ஒருமை) கலையாமல் இருந்தால் சுவர் நிரந்தரமாகிவிடும், மந்திரங்களைக் கலைக்கும் டிஸ்பெல் மேஜிக்கும் எடுபடாது. 6 அங்குலத் தடிப்புள்ள ஒரு பலகைக்கு 180 ஹிட் பாயிண்ட், அதாவது அவ்வளவு டேமேஜ் விழுந்தால்தான் உடையும்.

பங்சார்: எதிரி எங்களை வால் ஆஃப் ஃபோர்ஸ் கோளத்துக்குள் அடைத்துவிட்டான். எப்படி உடைப்பது?

அடித்து உடைக்க முடியாது, எந்த டேமேஜும் ஏறாது. டிஸ்பெல் மேஜிக்கும் வீண். டிஸ்இன்டெக்ரேட் (பொருளைப் பொடியாக்கும் ஸ்பெல்) இருந்தால் உடனே அழியும். இல்லையென்றால் டெலிபோர்ட், அல்லது வெளியே இருக்கும் நண்பர் மந்திரவாதியை அடித்து அவன் கான்சன்ட்ரேஷனைக் குலைப்பது. ஒவ்வொரு அடிக்கும் அவன் கான்ஸ்டிடியூஷன் சேவ் (உடல் உறுதியால் தாக்குப்பிடிக்க டைஸ் உருட்டுவது) போட வேண்டும். எட்ட வேண்டிய எண் 10 அல்லது டேமேஜில் பாதி, எது அதிகமோ அது. ஆகவே 21 டேமேஜ் ஒரே அடியாக விழுவதைவிட 7, 7, 7 என்று மூன்று அம்பு விழுவது நல்லது. மூன்று முறை அவன் டைஸ் உருட்ட வேண்டும்.

மூச்சு முட்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதிகபட்சம் 10 நிமிடம்தான், 10 அடி ஆரமுள்ள கோளத்தில் அதற்குக் காற்று தாராளம்.

பாயான் லெப்பாஸ்: விண்ட் வால் (காற்றுச் சுவர்) வில்லாளிகளை முழுசாக நிறுத்துமா?

அம்பு, போல்ட் எல்லாம் மேலே திசைமாறி, தானாகவே குறி தவறும். ராட்சதன் எறியும் பாறை வரும்.

ஈப்போ சாலை: ஃபோர்ஸ்கேஜ் (மந்திர விசைக் கூண்டு) போட்டால் டிஎம் முகம் சுருங்குகிறது. அது ஏமாற்றா?

ஏமாற்று இல்லை. ஆனால் அவர் கவலை எனக்குப் புரிகிறது. 2014 விதியில் அதற்குக் கான்சன்ட்ரேஷனே இல்லை, ஒரு மணி நேரம் நிற்கும், டெலிபோர்ட் செய்து வெளியேறவும் முதலில் காரிஸ்மா சேவில் ஜெயிக்க வேண்டும். 1,500 தங்கக் காசு மதிப்புள்ள மாணிக்கத் தூள் கையில் இருந்தால் போதும், அந்த விதிப்படி தூள் தீர்ந்தும் போகாது. 2024 திருத்தத்தில் கான்சன்ட்ரேஷன் சேர்த்துவிட்டார்கள். 2014 புத்தகத்தையே வைத்து விளையாடினாலும் இந்த ஒரு ஸ்பெல்லுக்கு மட்டும் புதிய விதியை எடுத்துக்கொள்ளலாம் என்று டிஎம்மிடம் நீங்களே சொல்லிப் பாருங்கள். ஆனால் சண்டை தொடங்குவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.